சுறாச் செட்டையும் உணவறமும்

மன்னார்க் கடலில் முத்துக் குளிப்பு நடைபெற்ற காலங்களில், சுறாக்களின் வாயைக் கட்டுவதற்கென்றே ஒருவர் இருந்தார். கடற்கட்டி என்பது அவருக்கு வழங்கிய பெயர். அவர் மந்திரம் ஓதிக் கடலைக் கட்டினாலன்றிக் குளிகாரர் எவரும் தோணியை விட்டு நீரில் இறங்கத் துணிவதில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இப்பக்கம் வந்த மார்க்கோ போலோ, இத்தொழில் புரிந்தோர்க்கு எடுத்த முத்துக்களில் இருபதில் ஒரு பங்கு கூலியாகக் கொடுக்கப்பட்டதென எழுதி வைத்தார். பிற்காலத்தில் வந்த பிரித்தானிய ஆட்சியினர்க்கு இம்மந்திரத்தில் நம்பிக்கை இருந்ததில்லை. ஆயினும் குளிகாரரின் மனவுறுதியைக் கருதி அவர்களும் இத்தொழிலாளர்க்குச் சம்பளம் கொடுத்தே வந்தனர். சுறா என்றால் மனிதனுக்கு அத்துணை அச்சம்.

அந்த அச்சம் இன்றும் தீர்ந்துவிடவில்லை. 1975ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஜோஸ்’ என்னும் அமெரிக்கத் திரைப்படம் அதனை உலகமெங்கும் பெருக்கிவிட்டது. அப்படத்திற்கு மூலமான நாவலை எழுதிய பீற்றர் பெஞ்ச்லி, தம் வாழ்நாளின் பிற்பகுதியைச் சுறாக்களைக் காக்க வேண்டுமென்று வாதிடுவதிலே செலவிட நேர்ந்தது. உலகம் முழுவதிலும் சுறாவினால் உயிரிழப்போர் பெரும்பாலான ஆண்டுகளில் பத்துப் பேருக்கு மேற்படுவதில்லை. மனிதரால் உயிரிழக்கும் சுறாக்களோ, 2024ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சியின் கணக்குப்படி, 2019ஆம் ஆண்டில் மாத்திரம் ஏறக்குறைய 8 கோடி. கடலைக் கட்ட மந்திரம் தேடிய இனத்திற்கும் கட்டப்பட்ட இனத்திற்கும் இடையிலுள்ள இக்கணக்கே இவ்விடயத்தின் தொடக்கம்.

இவ்வளவு சுறாக்கள் எதற்காகப் பிடிக்கப்படுகின்றன? இறைச்சிக்காக, ஈரலின் எண்ணெய்க்காக, தோலுக்காக எனப் பல காரணங்கள் உள. பிற மீனுக்காக விரித்த வலையில் வேண்டாது வந்து சிக்குவனவும் மிகப் பல. ஆனால் உலகத்தின் பேச்சுக்கும் கண்டனத்திற்கும் அதிகம் ஆளானது செட்டையே. அக்கரைத் தமிழ்நாட்டு மீனவர் இதனைச் சுறாப்பீலி என்பர். முதுகில் நிமிர்ந்து நிற்கும் பெரிய செட்டை, மார்பின் இருபுறத்துச் செட்டைகள், வாலின் கீழ்மடல் ஆகியவையே வாணிகத்தில் விலைபோவன. இவற்றை வெட்டி வெயிலில் உலர்த்தினால் கெடாமல் நெடுநாள் இருக்கும். மூட்டையாகக் கட்டி எத்தொலைவுக்கும் அனுப்பலாம். இம்மூட்டைகள் பெரும்பாலும் சென்று சேருமிடம் ஹொங்கொங். அங்கு உயர்ந்த வகைச் செட்டையின் விலை கிலோகிராம் ஒன்றுக்கு நூற்றுக்கணக்கான டொலர் வரை ஏறியதுண்டு.

இத்துணை விலை கொடுத்து வாங்கும் பொருளுக்குச் சுவை என்று சொல்லத்தக்க ஒன்று இல்லை என்பதுதான் வியப்பு. சமையற்காரர் உலர்ந்த செட்டையைப் பலமுறை ஊறவைத்து, அவித்து, மேற்றோலைச் சுரண்டி, உள்ளே வரிசையாக இருக்கும் மெல்லிய நார்களைப் பிரித்தெடுப்பர். கண்ணாடி போலத் தெளிந்து, இடியப்ப இழையளவில் நிற்கும் அந்நார்கள் வாயில் வழுக்கிச் சிறிது நெறுநெறுப்பைத் தரும், அவ்வளவே. மணமும் உருசியும் கோழியையும் பன்றித் தொடையையும் நெடுநேரம் காய்ச்சி எடுத்த சாற்றிலிருந்து வருவன. எனவே இவ்வுணவின் பெருமை நாவைச் சார்ந்ததன்று. விருந்தளிப்போனின் கைவளத்தைச் சார்ந்தது. சீனப் பேரரசர் காலத்திலிருந்தே அரியவற்றுள் அரியதாக மதிக்கப்பட்ட இச்சூப், திருமண விருந்திலும் வணிகர் விருந்திலும் விருந்தினரை மதித்ததற்கு அடையாளமாயிற்று. அதனைப் பரிமாறாத தந்தையை உறவினர் கஞ்சன் என்று எண்ணுவர் என்னும் அச்சமே பல குடும்பங்களில் அதற்குச் செலவு செய்வித்தது. கலியாணப் பந்தியில் ஒரு கறி குறைந்தாற் பத்து ஆண்டுகளுக்குப் பேச்சிருக்கும் ஊர்களில் வாழ்வோர்க்கு இவ்வுணர்ச்சியை விளக்க வேண்டியதில்லை. ஆதலின் சீனர் கொடியவர் என்று கூறி இவ்விடயத்தை முடித்துவிடுவது அறியாமையும் அநியாயமும் ஆகும்.

செட்டையை மாத்திரம் வெட்டிக்கொண்டு, உடலைக் கடலில் எறிந்துவிடும் வழக்கம் எவ்வாறு தோன்றியது என்பதை அறிதல் வேண்டும். சுறாவின் உடலில் செட்டை நிறையளவில் ஏறக்குறைய நூற்றுக்கு ஐந்து பங்கே. மிகுதித் தொண்ணூற்றைந்து பங்கும் படகின் பனிக்கட்டி அறையில் இடம் பிடிக்கும். அந்த இடத்தில் சூரை, கெளவல்லை போன்ற விலைகூடிய மீனை அடுக்கினால் படகுக்காரருக்கு இலாபம். மேலும், கடல்நீரின் உப்பைச் சமன்செய்வதற்காகச் சுறா தன் குருதியிலும் தசையிலும் யூரியா என்னும் பொருளைத் தேக்கி வைத்திருக்கிறது. மீன் இறந்ததும் நுண்கிருமிகள் அந்த யூரியாவை அமோனியாவாக மாற்றுகின்றன. விரைவில் குருதி வடித்துச் சுத்தம் செய்யாவிடின் சுறாவிறைச்சி மூக்கைத் துளைக்கும் நெடியெடுத்துவிடும். பக்கத்திலிருக்கும் மீனையும் கெடுக்கும்.

யாழ்ப்பாணத்துச் சமையலறையில் சுறா வறை செய்வோர் மீனை முதலில் அவித்து, தோலை உரித்து, தசையை உதிர்த்து, நீரைப் பிழிந்து கொட்டிவிட்டே மஞ்சளும் தேங்காய்ப்பூவும் வெங்காயமும் மிளகாயும் சேர்ப்பது வழக்கம். யூரியாவின் பெயரை அறியாமலே அதனை வெளியேற்றும் வழியை அப்பெண்கள் கண்டிருந்தனர். ஆழ்கடலில் வாரக்கணக்கில் நிற்கும் இயந்திரக் கப்பலுக்கு அந்தப் பொறுமையில்லை. செட்டை பறிக்கப்பட்ட சுறா பெரும்பாலும் உயிருடனே கடலில் எறியப்பட்டது. செட்டையின்றி அதனால் நீந்த இயலாது. ஏனைய மீன்களைப் போல உடலை மிதக்கவைக்கும் காற்றுப்பை சுறாவுக்கு இல்லை. ஓயாது நீந்தினாலன்றிச் செவுள்வழி நீரைச் செலுத்தி மூச்சுவிடவும் பல இனங்களால் முடியாது. ஆகவே அது மெல்ல மெல்லக் கீழே அமிழ்ந்து, மூச்சுமுட்டியோ குருதி வடிந்தோ இறக்கும்.

இவ்வாறு இறந்தவை எத்தனை? 2006ஆம் ஆண்டில் ஷெல்லி கிளார்க் என்னும் ஆராய்ச்சியாளரும் அவருடைய குழுவினரும் ஹொங்கொங் ஏலச் சந்தையின் பதிவுகளைக் கொண்டு கணக்கிட்டு, ஆண்டொன்றுக்கு 2 கோடி 60 இலட்சம் முதல் 7 கோடி 30 இலட்சம் வரையான சுறாக்களின் செட்டைகள் வாணிகத்திற்கு வருகின்றன என்று மதிப்பிட்டனர். கடலில் எறியப்பட்ட உடல்களை எண்ணுவாரில்லை. ஏலக் கடையில் கிடந்த செட்டைகளே சாட்சி கூறின.

நெத்தலியும் சாளையும் இலட்சக்கணக்கில் முட்டையிடுவன. ஒரு பருவத்தில் அள்ளி எடுத்தாலும் மறு பருவத்தில் ஓரளவு ஈடுசெய்துவிடும். சுறாவின் வாழ்க்கை அவ்வாறன்று. அது குடும்பம் நடத்தும் முறையில் மீனைவிட யானையையே பெரிதும் ஒத்தது எனலாம். பல இனங்கள் முட்டையிடாமல் குட்டியீனுவன. பருவமடையப் பல ஆண்டுகள் செல்லும். ஈனும் குட்டிகளோ சில. உடலளவுக்கு நீண்ட வாலையுடைய சவுக்குவாற் சுறாக்கள் ஒரு சூலில் பெரும்பாலும் இரண்டு குட்டிகளையே ஈனுகின்றன. வடகடலில் வாழும் ஒரு சிறு நாய்ச்சுறா ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் சூல் சுமக்கிறது. கிறீன்லாந்துச் சுறா நூற்றைம்பது வயதளவிற்றான் பருவமடைகிறது என 2016ஆம் ஆண்டில் விஞ்ஞானிகள் கணித்தனர். நாற்பது கோடி ஆண்டுகளுக்கு மேலாக, மரங்கள் தோன்றுவதற்கு முன்பிருந்தே, இவ்வாழ்க்கை முறை சுறாவுக்குப் போதுமானதாக இருந்தது. பெரிய சுறாவைத் தின்போர் கடலில் மிகச் சிலரே. ஆதலின் விரைந்து பெருகவேண்டிய தேவை அதற்கு நேரவில்லை.

இத்தகைய உயிரை இலாபத்துக்காக வேட்டையாடினால் என்ன நேருமென்பதைக் கலிபோர்ணியா தன் கடலிலே கண்டது. அங்கு வாழும் ஒருவகைச் சுறாவுக்குச் ‘சூப்செட்டை’ என்றே ஆங்கிலத்தில் பெயர். அமெரிக்காவிற் குடியேறிய சீனர் அதன் செட்டையை வாங்கி வந்தனர். அதனால் இனத்துக்குப் பெருங்கேடு விளைந்ததில்லை. 1930களின் பிற்பகுதியில் அதன் ஈரலில் விற்றமின் ஏ மிகுந்திருப்பது தெரியவந்தது. இரண்டாம் உலகப் போர் மூண்டு, நோர்வேயின் கொட் மீனெண்ணெய் வருவது தடைப்பட்டதும் சுறா ஈரலின் விலை வானளாவ உயர்ந்தது. படகுள்ளவரெல்லாம் சுறாப் பிடிக்கச் சென்றனர். சில ஆண்டுகளுக்குள், 1940களின் நடுப்பகுதியிலேயே, வலைகள் வெறுமையாகத் திரும்பத் தொடங்கின. போருக்குப் பின் விற்றமின் ஏயைச் செயற்கையாகச் செய்யக் கற்றுக்கொண்டமையாற் சந்தை ஒழிந்தது. இயற்கையைக் காக்கும் சங்கங்களின் சர்வதேச ஒன்றியம் 2020ஆம் ஆண்டில் இச்சுறாவை உலகளவில் மிகக் கடுமையான ஆபத்துக்குள்ளான இனமாக வகுத்தது.

ஓரினத்திற்கு ஒரு கரையில் நேர்ந்தது பின்னர் பல இனங்களுக்கு எல்லாக் கடல்களிலும் நேர்ந்தது. 2021ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி ஒன்று, திறந்த பெருங்கடலில் வாழும் சுறா, திருக்கை இனங்களின் தொகை 1970ஆம் ஆண்டிலிருந்து நூற்றுக்கு 71 பங்கு குறைந்துவிட்டதெனக் காட்டியது. அதே ஆண்டில் வெளியான மற்றொரு மதிப்பீடு, குருத்தெலும்பு மீன்கள் ஏறக்குறைய 1,200 இனங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவை அழிவின் அச்சுறுத்தலில் உள்ளன என்றது. மீன்பிடித்தலே அதற்குத் தலையாய காரணமென்பதும் அதில் தெளிவாயிற்று.

இனி அறத்தின் கேள்விக்கு வரலாம். புலாலை அறவே விலக்கியவர்க்கு இதில் ஆராய ஒன்றுமில்லை. அவர் விடை முன்னரே அமைந்தது. கேள்வி எழுவது மீனுண்போர்க்கே. அவர்களுள் பலர் செட்டைச் சூப்பைப் பழிக்கும்போது மூன்று வெவ்வேறு குற்றங்களை ஒன்றாகக் கலந்துவிடுகின்றனர். உயிரோடு செட்டையை அரிந்தெறிதல் கொடுமை என்பது ஒன்று. உடலை வீணாக்குதல் தகாது என்பது மற்றொன்று. ஓரினத்தை மீளமுடியாத அளவுக்கு அழித்தல் பிழை என்பது மூன்றாவது. இம்மூன்றும் ஒரே மருந்தாற் குணமாவனவல்ல.

ஜப்பானின் வடகிழக்குக் கரையிலுள்ள கெசென்னுமா என்னும் துறைமுகத்தை எடுத்துக்கொள்ளலாம். அங்கு சுறாக்கள் முழுதாகவே கரைக்கு வருகின்றன. இறைச்சியை அரைத்து மீன்பண்டம் செய்கின்றனர். தோலைப் பதனிட்டுப் பையும் பட்டியும் ஆக்குகின்றனர். செட்டை சூப்புக்குச் செல்கிறது. ஓரங்குலமும் வீண்போவதில்லை. கொடுமையும் வீணும் நீங்கின எனில், அவ்வூர்ச் செட்டையை உண்பதிற் குற்றமென்ன என்று அவர்கள் கேட்பது நியாயமான கேள்வியே. அதற்கு விடை, பிடிக்கப்படும் சுறா எவ்வினத்தது, அவ்வினம் கடலில் எவ்வளவு எஞ்சியுள்ளது என்பதைப் பொறுத்தது. சுறாவின் எண்ணிக்கை குறைந்துகொண்டே போகுமாயின், அதன் தோலைக்கூட வீணாக்காமல் பயன்படுத்தினர் என்பது அவ்வினத்திற்கு ஆறுதலாகாது. எட்டுக் கோடி என்னும் கணக்கைத் தந்த அந்த ஆராய்ச்சியே இதனை வெளிப்படுத்தியது. 2012ஆம் ஆண்டுக்கும் 2019ஆம் ஆண்டுக்கும் இடையில் செட்டை அரிதலைத் தடுக்கும் சட்டங்கள் உலகெங்கும் பெருகின. ஆனால் கொல்லப்பட்ட சுறாக்களின் தொகை 7 கோடி 60 இலட்சத்திலிருந்து 8 கோடியாக உயரவே செய்தது. உடலையும் கொண்டுவர வேண்டுமென்று சட்டம் கூறியதும், உடலுக்கும் சந்தை தேடிக்கொண்டனர்.

அச்சந்தை சீனாவில் மாத்திரம் இருக்கிறதென எண்ணுவோர் பலர். பிரேசிலில் சுறாவிறைச்சி ‘கசாவோ’ என்னும் பெயரில் விற்கப்படுகிறது. அதனை வாங்குவோருள் தாம் உண்பது சுறா என அறியாதவர் மிகப் பலர். இங்கிலாந்தின் மீன்பொரியற் கடைகளில் ‘பாறைச் சல்மன்’ என்று பரிமாறப்பட்டதும் ஒரு நாய்ச்சுறாவே. அதற்கும் சல்மனுக்கும் எவ்வகை உறவுமில்லை. சுறாவை மிகுதியாகப் பிடிக்கும் நாடுகளின் வரிசையில் இந்தோனேசியா, இந்தியா ஆகியவற்றோடு ஸ்பெயினும் முன்னணியில் நிற்கிறது. பெயரை மாற்றி உண்பவர், பெயரைச் சொல்லி உண்பவரைக் காட்டுமிராண்டி என்பது நகைப்புக்கிடமானது.

சுறாவுக்காகப் பரிந்து பேசுவோரும் சிலவேளைகளில் உண்மையின் எல்லையைக் கடந்துவிடுவதுண்டு. 2007ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கிழக்குக் கரையைப் பற்றி ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. பெரிய சுறாக்கள் குறைந்ததால் அவற்றுக்கு இரையான ஒருவகைத் திருக்கை பெருகிவிட்டது; அத்திருக்கைகள் சிப்பிகளை உண்டு தீர்த்துவிட்டன; ஆதலாற் சிப்பித் தொழிலே அழிந்தது என்பது அதன் முடிவு. கேட்பதற்கு மிக அழகான சங்கிலி. உலகப் பத்திரிகைகள் அதனைப் போற்றி எழுதின. அதன் விளைவு யாதெனில், கடலைக் காக்கத் திருக்கையை உண்ணுங்கள் என்று ஓர் இயக்கமே தோன்றியது. 2016ஆம் ஆண்டில் வேறு சில விஞ்ஞானிகள் அச்சங்கிலியின் கண்ணிகளை ஒவ்வொன்றாகச் சோதித்தனர். சிப்பிகளின் வீழ்ச்சி திருக்கை பெருகியதாகச் சொல்லப்பட்ட காலத்திற்கு முன்பே தொடங்கிவிட்டது. அத்திருக்கை ஒரு சூலில் ஒரு குட்டியே ஈனுவதால், சொல்லப்பட்ட வேகத்திற் பெருகியிருக்கவும் முடியாது. சுறாவின் பெயரால் அதன் சுற்றமாகிய திருக்கையே பலியிடப்பட்டது. வேட்டையாடும் பெருமீன்கள் கடலின் ஒழுங்கில் பங்கு கொண்டவை என்பதில் ஐயமில்லை. ஆனால் எந்தச் சுறா போனால் எது கெடும் என்பது இடத்துக்கிடம் வேறுபடும். சுறா அழிந்தால் நாளையே கடல் செத்துவிடும் என்று முழங்கத் தேவையில்லை. நாற்பது கோடி ஆண்டுகள் நிலைத்த ஒரு குலத்தை இரண்டு மூன்று தலைமுறைக்குள் சூப்புக்கும் கருவாட்டுக்கும் முடித்துவிடலாகாது என்பதே போதிய வாதம்.

சட்டங்கள் பலவாறாக வளர்ந்துள்ளன. ஐரோப்பிய ஒன்றியம் 2003ஆம் ஆண்டில், படகிலுள்ள செட்டையின் நிறை மீனின் நிறையில் நூற்றுக்கு ஐந்தைத் தாண்டக்கூடாது என விதித்தது. ஒரு சுறாவின் செட்டையோடு வேறொரு சுறாவின் உடலைக் காட்டித் தராசைச் சமன்செய்யும் தந்திரத்திற்கு இது இடமளித்தமையால், செட்டை உடலோடு ஒட்டியபடியே கரைக்கு வரவேண்டுமென 2013ஆம் ஆண்டில் திருத்திற்று. பலாவு என்னும் சிறு தீவு நாடு 2009ஆம் ஆண்டில் தன் கடல் முழுவதையும் சுறாக்களின் சரணாலயமாக அறிவித்தது. மாலைதீவு 2010ஆம் ஆண்டில் சுறாப் பிடித்தலை முற்றாகத் தடைசெய்தது. இவ்விரண்டும் நீர்மூழ்கிச் சுறாக் காணவரும் உல்லாசப் பயணிகளால் வருவாய் பெறும் நாடுகள் என்பதையும் மறத்தலாகாது. எல்லா நாடுகளுக்கும் அவ்வழி திறந்திருப்பதில்லை. இந்தியா 2015ஆம் ஆண்டில் செட்டை ஏற்றுமதியைத் தடுத்தது. கனடா 2019ஆம் ஆண்டிலும் பிரித்தானியா 2023ஆம் ஆண்டிலும், உடலினின்று பிரித்த செட்டையின் ஏற்றுமதி இறக்குமதிக்கு எதிராகச் சட்டம் இயற்றின. அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் சர்வதேச வாணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையில், 2013ஆம் ஆண்டில் கொம்பன் சுறாக்கள் மூன்று இனங்களும், 2022ஆம் ஆண்டுப் பனாமா மாநாட்டில் செட்டை வாணிகத்திற் பெரும்பங்கு கொண்ட ஒரு குடும்பம் முழுவதும் சேர்க்கப்பட்டன. உலர்ந்த செட்டையைப் பார்த்து இனம் பிரிக்கச் சுங்க அதிகாரியால் எளிதில் இயலாது. ஆதலின் குடும்பத்தோடு சேர்த்தமை அறிவுடைய செயல்.

சட்டத்தினும் மெல்லிய ஒரு மாற்றம் உண்போர் இடத்திலேயே நிகழ்ந்தது. சீனாவின் புகழ்பெற்ற கூடைப்பந்தாட்ட வீரர் யாவோ மிங் 2006ஆம் ஆண்டிலிருந்து இச்சூப்பைத் தொடேன் என வெளிப்படையாகக் கூறிப் பிரசாரம் செய்தார். சீன அரசாங்கமும் ஹொங்கொங் நிர்வாகமும் 2013ஆம் ஆண்டில் தங்கள் உத்தியோக விருந்துகளிலிருந்து அதனை நீக்கின. ஹொங்கொங்கின் செட்டை இறக்குமதி 2007ஆம் ஆண்டில் ஏறக்குறைய 10,000 தொன்னாக இருந்து, 2017ஆம் ஆண்டில் 5,000 தொன் அளவுக்கு இறங்கியது. அவ்வூரின் தெருக்கடைகளில் ஏழைகளுக்காக நெடுங்காலமாகவே பாசிப்பயற்று மாவினால் ஆன கண்ணாடி இழைகளைக் கொண்டு பொய்ச்செட்டைச் சூப் செய்து விற்பதுண்டு. சாறு நன்றாகக் காய்ச்சப்பட்டதாயின், கண்ணை மூடி உண்பவர்க்கு வேறுபாடு காண்பது எளிதன்று. ஆயினும் 2020ஆம் ஆண்டில் எக்குவடோரிலிருந்து வந்த கொள்கலன்களில் 26 தொன் செட்டையை அங்குச் சுங்கத்தினர் கைப்பற்றினர். ஏறக்குறைய 38,500 சுறாக்களின் செட்டைகள் அவை.

இலங்கை இவ்விடயத்தில் வெறும் பார்வையாளன் அன்று. ஆழ்கடலிற் சூரைக்கும் கெளவல்லைக்கும் இடும் வலையிலும் தூண்டிற் கயிற்றிலும் சுறா வந்து படுகிறது. இறைச்சி உள்ளூரிற் கருவாடாகிறது. செட்டை கப்பலேறிக் கிழக்கே செல்கிறது. செட்டையை உடலினின்று பிரித்துக் கரைக்குக் கொண்டுவருவதை 2001ஆம் ஆண்டிலேயே தடுத்த நாடு இது. ஐரோப்பாவுக்கு முந்திய சட்டம் என்று பெருமை கொள்ளலாம். 2012ஆம் ஆண்டில் சவுக்குவாற் சுறாக்களைப் பிடித்தல் தடைசெய்யப்பட்டது. 2015ஆம் ஆண்டில் வெண்முனைப் பெருங்கடற் சுறாவும் திமிங்கிலச் சுறாவும் அத்தடையில் இடம்பெற்றன. 2016ஆம் ஆண்டில் ஜொகன்னஸ்பேர்க்கில் கூடிய மாநாட்டில் சவுக்குவாற் சுறாக்களின் வாணிகத்தைக் கட்டுப்படுத்த வேண்டுமென்ற தீர்மானத்தை முன்வைத்ததும் இலங்கையே.

ஆனால் வர்த்தமானியில் அச்சான தடை கடலில் எவ்வாறு நடைபெறுகிறது? வலையை இழுக்கும்போது சவுக்குவாற் சுறா பெரும்பாலும் இறந்தோ, இறக்கும் தறுவாயிலோதான் மேலே வருகிறது. சட்டப்படி அதனைக் கரைக்குக் கொண்டுவரலாகாது. ஆதலின் திரும்பக் கடலில் எறிய வேண்டும். எரிபொருளுக்கும் பனிக்கட்டிக்கும் கடன்பட்டுச் சென்ற தொழிலாளி, செத்த மீனை எறிவது எவ்வுயிரைக் காக்கும் என்று கேட்டால், அக்கேள்வியைப் புறக்கணிக்க முடியாது. வீணாக்கலாகாது என்னும் அறமும் இனத்தைக் காக்க வேண்டும் என்னும் அறமும் அந்தப் படகின் தட்டிலே ஒன்றோடொன்று மோதுகின்றன. கரைக்குக் கொண்டுவர அனுமதித்தாலோ, தானாகச் சிக்கியது எது, தேடிப் பிடித்தது எது என்று பிரித்தறிய வழியில்லை. ஆகவே சட்டம் கடுமையாக நிற்பதற்குக் காரணம் உண்டு. அக்கடுமையின் சுமை முழுவதையும் ஒரு தரப்பார் மேலே ஏற்றிவிட்டு, மாநாட்டு மண்டபத்திற் கைதட்டுவது நீதியாகுமா என்பது வேறு கேள்வி.

சுமையைப் பகிர்ந்துகொண்ட ஓரிடம் உண்டு. குஜராத்துக் கரையிலே ஒருகாலத்தில் திமிங்கிலச் சுறாக்கள் ஈரலெண்ணெய்க்கும் இறைச்சிக்குமாக நூற்றுக்கணக்கிற் கொல்லப்பட்டன. 2001ஆம் ஆண்டில் இந்தியா அதற்குச் சட்டப் பாதுகாப்பு அளித்தது. ஆயினும் சட்டத்தால் மாத்திரம் அது நின்றதில்லை. 2004ஆம் ஆண்டில் தொடங்கிய இயக்கத்தில், இராமாயணப் பிரசங்கியார் மொராரி பாபு அந்த மீனைப் பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு வரும் மகளுக்கு ஒப்பிட்டுப் பேசினார். வலையில் திமிங்கிலச் சுறா சிக்கினால் வலையை அறுத்து விடுவித்தவர்க்கு வலையின் நட்டத்தை வனத் திணைக்களம் ஈடுசெய்ய ஏற்பாடாயிற்று. அன்றிலிருந்து நூற்றுக்கணக்கான சுறாக்கள் அவ்வாறு விடுவிக்கப்பட்டுள்ளன. மகள் என்ற சொல்லும் வலைக்குக் கிடைத்த பணமும் சேர்ந்தே அதனைச் செய்தன. எதனால் எவ்வளவு என்று பிரித்துக் கூற இயலாது.

தமிழ்க் கடற்கரைகளிலும் சுறா வெறும் உணவாக மாத்திரம் இருந்ததில்லை. நெய்தல் நிலத்துப் பரதவர் சுறாவின் கோட்டை மணலில் நட்டு, அதில் தெய்வத்தை நிறுத்தி வழிபட்ட செய்தியைப் பட்டினப்பாலை கூறுகிறது. அக்கோடு வேளா மீனின் வாள்மூக்கு என்று கருதுவோர் உளர். வேளாவின் செட்டைகள் வாணிகத்தில் மிக உயர்ந்த விலை பெற்றவை. வாள்மூக்கோ எவ்வகை வலையிலும் எளிதிற் சிக்குவது. இன்று இலங்கைக் கரையோரங்களில் வேளாவைக் கண்டதாகக் கூறுவோர் பெரும்பாலும் முதிய தொழிலாளரே. வழிபட்ட தெய்வத்தின் சின்னத்தைக் காணாமலே ஒரு தலைமுறை கடலில் இறங்கித் தொழில் செய்கிறது.

இறுதியாகப் பாற்சுறாவைப் பற்றி ஒரு சொல். பிள்ளை பெற்ற தாய்க்குப் பால் சுரக்குமென்று பத்தியத்தோடு சமைத்துக் கொடுக்கும் சிறு சுறா இது. ஆங்கிலத்திலும் அதே காரணத்தால் அதே பெயர் வழங்குகிறது. அவ்வினமும் இப்போது அச்சுறுத்தலுக்குள்ளான பட்டியலில் ஏறிவிட்டது. பெரிய சுறாக்களின் தசையில் பாதரசம் சேர்ந்திருப்பதால் கருவுற்ற தாய்மாரும் பாலூட்டும் தாய்மாரும் சுறாவை உண்ணாதிருத்தல் நலம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அறிவுறுத்துகிறது. வயது முதிர முதிர, உடல் பெருக்கப் பெருக்கப் பாதரசமும் கூடும்; பாற்சுறா சிறியதாதலின் அதில் குறைவாகவே இருத்தல் கூடும். ஆனால் சந்தையில் துண்டமாகக் கிடக்கும் மீனுக்குத் தலையுமில்லை, செட்டையுமில்லை. வாங்க வந்தவர், அது பாற்சுறாவின் துண்டமா, குட்டியாய் வலையிற் பட்ட கொம்பன் சுறாவின் துண்டமா என்று கேட்டாலும், இரண்டாம் மூன்றாம் கைமாறி விற்பவர்க்கு அது தெரிய வாய்ப்பில்லை. இன்ன சுறா என்று ஐயமின்றிச் சொல்லத்தக்க இடம் ஒன்றே உண்டு. அது, செட்டை ஒட்டியபடி மீன் இறக்கப்படும் துறை. கத்தி படுவதற்கு முன், விடிகாலையில், கணக்கெழுதுவோர் ஒருவர் அங்கு நின்றால் அது பதிவாகும்.